ஆட்டு உரோமத்திலிருந்து சால்வை வரை: மொஹெயர் நூற் பின்னல்

ஆடு வளர்க்கும் குடும்பத்தாரிடம் ஆட்டினால் என்ன பயன் என்று கேட்டால் பால், இறைச்சி, எரு, தோல் என்று விரல் மடித்துச் சொல்வார்கள். உரோமத்தை எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. எமது ஆடுகளின் உரோமம் குட்டையானது, முரடானது. நூலாகத் திரிக்க உதவாது. ஆனால் உரோமத்துக்காகவே வளர்க்கப்படும் ஆட்டினம் ஒன்று உலகில் உண்டு. அதுவே அங்கோரா ஆடு. அதன் உரோமம் மொஹெயர் எனப்படும். அந்த நூலிற் பின்னிய சால்வை, தொப்பி, கையுறை, சுவெற்றர் ஆகியவை குளிர்நாடுகளில் நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன.

இந்த ஆட்டை இங்கு வளர்க்குமாறு கூறுவது எமது நோக்கமன்று. அது வறண்ட, குளிர்ந்த மேட்டுநிலங்களுக்கு உரியது. எமது வெப்பத்துக்கு மொஹெயர் ஆடையும் தேவைப்படாது. எனினும், காணியையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் தையலும் பின்னலும் பழகிவருகின்றனர். பனிநாடுகளில் வாழும் உறவினரை நம்பிச் சிலர் கம்பளி பின்னவும் முன்வருகின்றனர். ஒரு கைவேலை எப்போது வீட்டுக்கு வருவாய் தருகின்றது, எப்போது உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போகின்றது என்பதைத் தெரிந்துகொள்ள மொஹெயரின் கதை நல்லதோர் உதாரணம். ஆகவே அந்த உரோமத்தின் வரலாறு, அதன் இயல்பு, பின்னும் முறை, வரவுசெலவுக் கணக்கு என்பவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

அங்காராவின் ஆடு

இன்றைய துருக்கியின் தலைநகரான அங்காராவுக்கு முன்னர் அங்கோரா என்றும் பெயர் வழங்கியது. ஆட்டின் பெயர் அங்கிருந்தே வந்தது. அங்கோரா முயல் என்றும் ஓர் இனம் உண்டு. அதன் உரோமம் வேறு, மொஹெயர் வேறு. நூல் வாங்குவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பல நூற்றாண்டுகளாக அங்காரா மக்கள் இந்த உரோமத்தைத் தாமே திரித்து, தாமே நெய்து, 'சோஃப்' எனப்படும் பளபளப்பான துணியாகவும் நூலாகவும் விற்றனர். திரிக்காத உரோமத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒத்தோமன் ஆட்சி நீண்டகாலம் தடைவிதித்திருந்தது. உரோமம் வெளியேறினால் வேலையும் வெளியேறிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1838ஆம் ஆண்டு பிரித்தானியாவுடன் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை இத்தகைய தடைகளை நீக்கியது. இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியில் நீராவியால் இயங்கும் ஆலைகள் பெருகின. தைற்றஸ் சோல்ற் என்பவர் 1853இல் அங்கு திறந்த பேராலை அல்பாக்கா, மொஹெயர் போன்ற உரோமங்களை நெய்தது. அங்காராவின் தறிகள் படிப்படியாக ஓய்ந்தன. ஆடு இருந்தது, உரோமம் இருந்தது. ஆனால் நெய்தவரின் கூலி கடல் கடந்து போய்விட்டது.

அதே 1838ஆம் ஆண்டில் அங்கோரா ஆடுகள் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு இனம் பெருகக் கூடாதென்று கிடாய்களை மலடாக்கியே அனுப்பினார்களாம். ஆனால் உடன்சென்ற மறியொன்று சினையாக இருந்தது. அது வழியிலேயே கிடாய்க்குட்டி ஒன்றை ஈன்றதாகவும், அதிலிருந்தே அந்நாட்டின் மந்தை தொடங்கியதாகவும் கூறுவர். இன்று உலக மொஹெயரில் ஏறத்தாழப் பாதி தென்னாபிரிக்காவிலிருந்து வருகின்றது. அந்நாட்டினால் நாற்புறமும் சூழப்பட்ட லெசொத்தோ என்னும் சிறிய மலைநாடும் முக்கிய உற்பத்தி நாடுகளுள் ஒன்றாகும். அந்நாட்டு மக்களைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

உரோமத்தின் இயல்பு

அங்கோரா ஆட்டின் உரோமம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வளரும். ஆண்டுக்கு இருமுறை கத்தரிப்பர். அப்போது அதன் நீளம் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை இருக்கும். வளர்ந்த ஆடொன்று ஒரு தடவையில் ஏறத்தாழ 2 கிலோ தரும். கத்தரித்தபின் சில வாரங்களுக்கு ஆட்டின் உடலிற் போர்வை இல்லை. அவ்வேளையில் குளிர்மழையும் காற்றும் ஒன்றாக வந்தால் மந்தையில் பல ஆடுகள் ஒரே இரவில் இறந்துபோகலாம். எனவே கத்தரிக்கும் காலத்திற் கொட்டில் அவசியம்.

ஆட்டின் வயது உரோமத்தின் விலையைத் தீர்மானிக்கின்றது. குட்டியின் முதல் உரோமம் மிக மெல்லியது. அதன் தடிப்பு ஏறத்தாழ 25 மைக்கிரோன். மைக்கிரோன் என்பது ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. வயதேற ஏற உரோமம் தடித்து 35 மைக்கிரோனையும் தாண்டும். குட்டி உரோமம் கழுத்திலும் தோளிலும் படும் சால்வைக்கு ஏற்றது. இளம் ஆட்டின் உரோமம் சுவெற்றருக்கு ஏற்றது. முதிர்ந்த ஆட்டின் உரோமம் போர்வை, விரிப்பு, கதிரை உறை என்பவற்றுக்குப் போகும். தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அடைத்தால் மெல்லிய உரோமமும் முரட்டு உரோமத்தின் விலைக்கே போகும். நெல்லிற் பதர் கலந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்த கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செம்மறிக் கம்பளிக்கும் மொஹெயருக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னுபவர் நன்கு அறிந்திருக்க வேண்டும். செம்மறிக் கம்பளி இழையின் மேற்புறத்திற் செதில்கள் எழும்பி நிற்கும். இழை சுருள்சுருளாக இருக்கும். ஆகவே அது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். மொஹெயர் இழையின் செதில்கள் படிந்து கிடக்கும், சுருளும் குறைவு. இதனால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, ஒளி பட்டால் பட்டுப்போல மின்னும். சாயமும் நன்றாக ஏறும். இரண்டாவது, இழை மிக உறுதியானது, தேய்வது குறைவு. மூன்றாவது, இழுபட்டால் மீண்டும் பழைய அளவுக்கு வருவது குறைவு. முதல் இரண்டும் விற்பவருக்கு வசதி. மூன்றாவது பின்னுபவருக்குச் சோதனை.

நூலின் வகைகள்

கடைகளில் மொஹெயர் நூல் பெரும்பாலும் இரு வகைகளிற் கிடைக்கின்றது. ஒன்று, புசுபுசுவென்று மயிரெழுந்த நூல். நைலோன் அல்லது கம்பளி இழையை நடுவில் வைத்து, மொஹெயரைச் சிறு வளையங்களாக அதன்மேற் சுற்றி, பின்னர் தூரிகையால் வாரி வளையங்களை எழுப்புவர். இது 50 கிராம் உருண்டையில் ஏறத்தாழ 100 மீற்றர் இருக்கும். மற்றது, குட்டி உரோமத்தைப் பட்டு இழையுடன் சேர்த்துச் செய்த மிக மெல்லிய நூல். 25 கிராம் உருண்டையிலேயே 200 மீற்றருக்கு மேல் இருக்கும். இதைத் தனியாகவும் பின்னலாம். மெல்லிய கம்பளி நூலுடன் சேர்த்து இரட்டையாகவும் பின்னலாம்.

நூல் வாங்கும்போது சுற்றியிருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். மொஹெயர் எத்தனை வீதம், நைலோன் அல்லது அக்ரிலிக் எத்தனை வீதம், நீளம் எத்தனை மீற்றர் என்பவை அதிற் குறிக்கப்பட்டிருக்கும். எடையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பின்னலுக்கு வேண்டியது நீளமே. ஒரே சாயத் தொகுதி இலக்கமுள்ள உருண்டைகளையே ஒரு பொருளுக்கு வாங்க வேண்டும். இல்லாவிடின் பாதியில் நிறம் வேறுபடும்.

பின்னும்போது கவனிக்க வேண்டியவை

பருத்தி நூலிலோ சாதாரணக் கம்பளியிலோ பழகிய கை, மொஹெயரையும் அதே இறுக்கத்திற் பின்னப் பார்க்கும். அது தவறு. மொஹெயரில் எழுந்து நிற்கும் மயிர்கள் தாமே இடைவெளியை நிரப்பும். அந்த இடைவெளியில் அடைபடும் காற்றே குளிரைத் தடுக்கின்றது. இறுக்கிப் பின்னினால் மயிர்கள் நசிந்து, துணி பலகைபோல் விறைத்து, பாரமாகி, தோலையும் உறுத்தும். நூலும் கூடுதலாகச் செலவாகும். எனவே நூல் மெல்லியதாகத் தோன்றினாலும் ஊசி பெரிதாக இருக்க வேண்டும். மெல்லிய பட்டுக் கலப்பு நூலுக்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் ஊசியும், தடித்த மயிரெழுந்த நூலுக்கு 6 மில்லிமீற்றர் ஊசியும் பொதுவாகப் பொருந்தும்.

ஊசியிற் சிறு கீறல் இருந்தாலும் மயிர் அதில் மாட்டிக்கொள்ளும். மூங்கில் ஊசியாயின் மெல்லிய அரத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கிக் கொள்ளுங்கள். முதல் வரியும் கடைசி வரியும் தளர்வாக இருக்க வேண்டும். அதற்கு அந்த இரு வரிகளுக்கும் ஓர் அளவு பெரிய ஊசியைப் பாவிப்பது இலகுவான வழி.

மொஹெயரைக் குலைத்துப் பின்னுவது மிகக் கடினம். பக்கத்துக் கண்ணிகளின் மயிர்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் நூல் இழுபட வராது. பலமாக இழுத்தால் மயிர் உதிர்ந்து நூல் மெலிந்துவிடும். ஆகவே பிழை வந்தபின் திருத்துவதைவிட வராமற் பார்ப்பதே நன்று. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். பத்து வரிக்கு ஒருமுறை மழமழப்பான பருத்தி நூலொன்றைத் தையலூசியிற் கோத்து, பின்னல் ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓடவிடுங்கள். இதைக் காப்பு நூல் என்று சொல்லலாம். மேலே பிழை நேர்ந்தால் அந்த நூல் வரையுமே குலையும். அதற்குக் கீழே உள்ள வேலை காப்பாற்றப்படும். குலைக்கத்தான் வேண்டுமென்றால், மெதுவாக இழுத்து, மாட்டும் மயிர்களைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்.

கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. விளக்கொளியில் அவற்றைப் பின்ன முயலாதீர்கள். பகலிற் கருநிறம், மாலையில் வெளிர்நிறம் என வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

சுவெற்றர் பின்னுபவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கை நுனியும் இடுப்பும் உடலைப் பற்றி நிற்பதற்குப் பின்னலில் மீள்சக்தி வேண்டும். மொஹெயரில் அது குறைவு என்பதை முன்னர் கண்டோம். எனவே அவ்விடங்களில் சிறிய ஊசியைப் பாவித்து, செம்மறிக் கம்பளி இழையொன்றையும் சேர்த்துப் பின்னுவது வழக்கம். அளவுக்குப் பொருந்த வேண்டிய ஆடையைவிட, அளவு சற்று முன்பின்னாக இருந்தாலும் குறையாகாத சால்வை, கழுத்துச் சுற்று போன்றவையே பழகுநருக்கு ஏற்றவை.

முதற் பொருள்: கழுத்துச் சால்வை

புதிதாகத் தொடங்குவோர் அகலம் 25 சென்ரிமீற்றர், நீளம் 150 சென்ரிமீற்றர் உள்ள கழுத்துச் சால்வை ஒன்றைப் பின்னலாம். மயிரெழுந்த தடித்த நூல் 50 கிராம் உருண்டைகள் 2, மில்லிமீற்றர் 6 அளவுள்ள ஊசி ஒரு சோடி, காப்பு நூலுக்குச் சிறிது பருத்தி நூல் என்பன போதும்.

முதலில் 15 சென்ரிமீற்றர் சதுரமான மாதிரித் துண்டொன்று பின்னுங்கள். அதை நனைத்து, உலரவிட்டு, நடுவில் 10 சென்ரிமீற்றர் அகலத்தில் எத்தனை கண்ணி உண்டென்று எண்ணுங்கள். 14 கண்ணி என்றால் 25 சென்ரிமீற்றருக்கு 35 கண்ணி வேண்டும். உங்கள் கை இறுக்கமாயின் எண்ணிக்கை கூடும். அப்போது ஊசியைப் பெரிதாக்குங்கள். மாதிரித் துண்டை வீண்வேலை என்று எண்ண வேண்டாம். நாற்றுமேடையில் முளைதிறன் பார்த்த பின்பே வயலில் விதைக்கின்றோம் அல்லவா?

பின்னர் 35 கண்ணிகளைத் தளர்வாகப் போட்டு, எல்லா வரிகளையும் முன்கண்ணியாகவே பின்னிச் செல்லுங்கள். மொஹெயரிற் சிக்கலான கோலங்கள் மயிருக்குள் மறைந்துவிடும். எளிய பின்னலே அழகு. ஒவ்வொரு வரியிலும் முதற் கண்ணியைப் பின்னாமல் மாற்றினால் ஓரம் நேராக வரும். சென்ரிமீற்றருக்கு 2 வரி என்றால் 150 சென்ரிமீற்றருக்கு 300 வரிகள். 35ஐ 300ஆற் பெருக்கினால் 10,500 கண்ணிகள். நிமிடத்துக்கு 15 கண்ணி பின்னும் கைக்கு இது 700 நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ 12 மணித்தியாலங்கள். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னர் தேவைப்படும்.

முடித்த சால்வையை இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரமிட்டு அமிழ்த்தி எடுங்கள். கசக்கவோ முறுக்கவோ கூடாது. துவாயிற் சுற்றி அழுத்தி நீரை எடுத்து, பாயின்மேல் தட்டையாக விரித்து நிழலில் உலரவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் நீண்டுபோகும், மீண்டும் சுருங்காது. உலர்ந்தபின் மெல்ல உதறினால் மயிர்கள் எழும்பும். ஈரத்துடனோ அழுக்குடனோ மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும். விற்கும்வரை சுத்தமான துணிப்பையில் மூடி வையுங்கள்.

உரோமம் யாருடையது? இலாபம் யாருடையது?

இனி லெசொத்தோ நாட்டைப் பார்ப்போம். அங்கு வாழும் பசொத்தோ மக்கள் கமக்காரர். கலெடன் ஆற்றுக்கு மேற்கேயுள்ள வளமான தானிய நிலங்கள் ஒருகாலத்தில் அவர்களுடையவை. 1858 முதல் 1868 வரை போயர் குடியேற்றவாசிகளுடன் நடந்த போர்களில் அந்நிலங்களை இழந்தனர். 1868இல் பிரித்தானியப் பாதுகாப்பின்கீழ் வந்தபோது அவர்களுக்கு எஞ்சியது பெரும்பாலும் மலையே. நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. மாரியில் மலைகளிற் பனி கொட்டும். தானியம் விளையாத அந்தச் சரிவுகளில் பின்னர் செம்மறியும் அங்கோரா ஆடும் பெருகின.

பல தசாப்தங்களாக ஆண்கள் தென்னாபிரிக்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குச் சென்றனர். வீட்டையும் வயலையும் பெண்களே நடத்தினர். 1990களில் சுரங்கங்களில் ஆட்குறைப்பு நடந்தபோது ஆட்டின் வருவாய் முன்னரிலும் முக்கியமாயிற்று. தெயாதெயானெங் என்னும் ஊரில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து மொஹெயரைத் திரித்து, சாயமிட்டு, கைத்தறியிற் சுவர்விரிப்புகள் நெய்து பெயர்பெற்றுள்ளனர். இது பின்னலன்று, நெசவு. ஆயினும் உரோமத்தைச் சாக்கில் விற்காமல் வேலைப்பாடாக விற்பது என்ற அடிப்படை ஒன்றே.

நாட்டின் பெரும்பகுதி உரோமம் இன்னும் திரிக்கப்படாமலே வெளியேறுகின்றது. தென்னாபிரிக்கத் துறைமுக நகரான போட் எலிசபெத், 2021 முதல் கெபெர்ஹா எனப்படுகின்றது. நீண்டகாலமாக லெசொத்தோவின் உரோமமும் அங்குள்ள தரகர் மூலமே ஏலத்துக்குப் போய்வந்தது. இதை மாற்ற எண்ணிய லெசொத்தோ அரசு, விற்பனை உள்நாட்டிலேயே நடைபெற வேண்டுமென 2018இல் விதிகளைக் கொண்டுவந்தது. நோக்கம் சரியானதே. ஆனால் புதிய ஏற்பாட்டிற் பலருக்கு உரோமத்தின் பணம் மாதக்கணக்கில் வந்துசேரவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கும் மாவுக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர்கள் திண்டாடினர். 2019இல் ஆயிரக்கணக்கான கமக்காரர் தலைநகர் மசேருவில் ஊர்வலம் சென்றனர். பின்னர் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. பெறுமதியை ஊரில் நிறுத்துவதென்றால், அங்கு உரிய நேரத்திற் பணம் கொடுக்கும் ஒழுங்கும் இருக்க வேண்டும் என்பதை இதனால் அறிகின்றோம்.

அதே 2018இல் இன்னொரு அதிர்ச்சியும் வந்தது. தென்னாபிரிக்கப் பண்ணைகள் சிலவற்றில் கத்தரிக்கும்போது ஆடுகள் காயப்படுத்தப்படுவதைக் காட்டும் படங்கள் வெளியாகின. பெரிய ஆடை நிறுவனங்கள் பல மொஹெயரை வாங்குவதை நிறுத்தப்போவதாக அறிவித்தன. 2020இல் ஆடுகளையும் மேய்ச்சல் நிலத்தையும் பராமரிக்கும் முறைக்குச் சர்வதேசத் தர ஒழுங்கு ஒன்று உருவாக்கப்பட்டது. அவசரத்தில் ஓர் ஆட்டின் தோலைக் கிழித்த கத்தரிக்கோல், தொலைதூரத்தில் வேறொருவரின் விற்பனையையும் கிழித்துவிட்டது.

சுவீடன் நாட்டுப் பெண்கள்

தரத்தைப் பற்றி அறிய வேறொரு நாட்டின் அனுபவமும் உதவும். சுவீடனின் மேற்குக் கரையிலுள்ள போஹுஸ்லன் பகுதியில் ஆண்கள் கருங்கல் உடைத்துப் பிழைத்தனர். 1930களில் அத்தொழில் வீழ்ந்தது. அவர்களின் மனைவியர் ஆளுநரின் மனைவி எம்மா யாக்கொப்சனிடம் சென்று வேலை கேட்டனர். அதன் பயனாக 1939இல் 'போஹுஸ் ஸ்ரிக்னிங்' என்ற பின்னல் நிறுவனம் உருவாயிற்று. அவர்கள் பாவித்த சிறந்த நூல் மொஹெயர் அல்ல. செம்மறிக் கம்பளியும் அங்கோரா முயலின் உரோமமும் கலந்தது. பெண்கள் வீட்டிலிருந்தே பின்னினர். மாதிரிகளை வரைவதற்குத் திறமையானவர்கள் இருந்தனர். வந்த ஒவ்வொரு பொருளும் கண்டிப்பாகப் பரிசோதிக்கப்பட்டது. அதனால் அவர்களின் சுவெற்றர்கள் வெளிநாடுகளிலும் விற்பனையாகின. செலவு கூடி, நாகரிகம் மாறியபோது, 1969இல் நிறுவனம் மூடப்பட்டது. முப்பது ஆண்டுகள் அது பல குடும்பங்களுக்குத் துணைநின்றது. கைவேலை நிரந்தரமான காணியைப் போன்றதன்று. ஆயினும் ஒரு தலைமுறையைக் கரைசேர்க்க அதனால் முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வளர்ந்த ஆட்டின் 2 கிலோ உரோமத்தைக் கழுவி, வாரி, திரித்தபின் கழிவு போக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நூல் எஞ்சும் என்று கொள்வோம். 100 கிராம் சால்வை என்றால் 15 சால்வைகள். 12 மணித்தியாலப்படி 180 மணித்தியால வேலை. சாக்கில் விற்றால் இந்த 180 மணித்தியாலமும் வேறு யாருடைய கைக்கோ போய்விடும். ஆனால் வேலை எம்மிடம் வந்துவிட்டால் மட்டும் போதாது. அது எவ்வளவு தருகின்றது என்றும் பார்க்க வேண்டும். கீழே வரும் விலைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல.

தடித்த நூற் சால்வை: விற்ற விலை 3,600 ரூபா. நூல் 1,500 ரூபா. பஸ் கூலி, பொதி முதலியன 300 ரூபா. மிச்சம் 1,800 ரூபா. 12 மணித்தியாலத்தாற் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா.

மெல்லிய நூற் சால்வை: விற்ற விலை 8,000 ரூபா. நூல் 3,000 ரூபா. ஏனைய செலவு 400 ரூபா. மிச்சம் 4,600 ரூபா. ஆனால் பின்ன 40 மணித்தியாலம் எடுத்தது. மணித்தியாலத்துக்கு 115 ரூபா.

விலை கூடிய பொருளே இலாபம் என்று நினைப்போம். கணக்கு வேறுவிதமாகச் சொல்கின்றது. இனி, தடித்த நூற் சால்வை ஆறு பின்னி, அவற்றில் ஒன்றை ஓரம் கோணல் என்று வாங்குபவர் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? ஆறுக்கும் வரவேண்டிய மிச்சம் 10,800 ரூபா. திரும்பிய ஒன்றின் விலை 3,600ஐக் கழித்தால் 7,200 ரூபா. 72 மணித்தியாலத்தாற் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 100 ரூபா. ஒரேயொரு கோணல் ஓரம் ஆறு சால்வைகளின் கூலியிலும் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

ஆகவே ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் நூல் வாங்கிய விலை, தொடங்கிய நாள், ஒவ்வொரு நாளும் பின்னிய நேரம், விற்ற விலை, பணம் கைக்கு வந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மொஹெயருக்கு மட்டுமன்று; பனையோலைப் பெட்டிக்கும், தைத்த சட்டைக்கும், பின்னிய மேசைவிரிப்புக்கும் இதே கொப்பி பொருந்தும். தரகர் விலை பேச வரும்போது உங்கள் மணித்தியாலக் கூலி உங்களுக்குத் தெரிந்திருந்தால், எந்த விலைக்குக் கீழே போகக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும். அது தெரியாதவரை, விலையை அவரே முடிவுசெய்வார்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது குழு செய்யும் பொருளொன்றை எடுத்துக்கொள்வோம். மூலப்பொருள், எம் கூலி, தரகரின் பங்கு, கடைக்காரரின் பங்கு என அதன் விலையைப் பிரித்தால் எமக்கு எத்தனை சதம் வருகின்றது?

2. கடந்த மூன்று மாதங்களில் எத்தனை பொருட்கள் திருப்பப்பட்டன? என்ன குறைகளுக்காக? விற்க அனுப்புமுன் அவற்றைக் குழுவில் யார் பரிசோதிப்பது?

3. பொருளைக் கொடுத்த நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் கழிகின்றன? அந்த நாட்களிற் குடும்பம் எதைக் கொண்டு சமாளிக்கின்றது?

4. ஊருக்குத் திரும்பி மீண்டும் கமம் செய்யத் தொடங்கினால் இக்கைவேலையைத் தொடர முடியுமா? விதைப்பு, அறுவடைக் காலங்களில் யார், எந்த நேரத்திற் பின்னுவது?